சுங்குடிச் சேலையும் ஏஐ வீடியோவும்: கருவிக்கு எதைக் கொடுப்பது, எதைக் கொடுக்காமல் இருப்பது

மதுரை விளக்குத்தூண் சுற்றுவட்டாரத்துத் துணிக்கடைகளுக்கும், வீட்டிலிருந்தபடி வாட்ஸ்அப் வழியாகச் சேலை விற்கும் பெண்களுக்கும் அரை நிமிடம், ஒரு நிமிடம் ஓடும் விளம்பர வீடியோக்களைச் செய்து கொடுப்பது என் தொழில். என்னிடம் வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி இப்போது மாறியிருக்கிறது. முன்பெல்லாம் "மாடல் வைத்து எடுத்தால் எவ்வளவு ஆகும்?" என்று தொடங்குவார்கள், இன்று "ஒரு போட்டோ அனுப்புகிறேன் தம்பி, ஏஐயில் போட்டு யாராவது கட்டிக்கொண்டு நடந்து வருகிற மாதிரி செய்து தந்துவிட முடியாதா?" என்கிறார்கள். முடியும். ஆனால் நான் அதைச் செய்வதில்லை. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இல்லாமல் என் வேலை ஒரு நாளும் நகராது என்கிற நிலையிலும் ஏன் அதை மட்டும் மறுக்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாக எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

சிறு கடைக்காரர்கள் நிமிர்ந்த வாக்கிலான வீடியோவுக்குள் வந்த கதை பலருக்கும் நினைவிருக்கும். 2020 ஜூன் இறுதியில் டிக்டாக் தடைசெய்யப்பட்டது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் இந்தியாவில் ரீல்ஸை அறிமுகப்படுத்தியது. செப்டம்பரில் யூடியூப் தன் ஷார்ட்ஸ் வசதியை இங்கேதான் முதலில் சோதித்துப் பார்த்தது. அதன்பின் எழுத்தைக் கொடுத்தால் காட்சியைத் தரும் கருவிகள் வந்தன. 2024 பிப்ரவரியில் ஓப்பன்ஏஐ சோராவை அறிவித்தபோது அது வியந்து பார்க்கும் பொருளாக மட்டுமே இருந்தது. 2025 மே மாதம் கூகுள் வெளியிட்ட வியோ 3, எட்டு விநாடிக் காட்சியை அதற்குரிய பேச்சு, ஒலி ஆகியவற்றோடு சேர்த்தே உருவாக்கியபோதுதான் கடைக்காரர்கள் வரைக்கும் அந்தப் பேச்சு வந்து சேர்ந்தது.

சுங்குடியை வைத்துச் சொன்னால் என் மறுப்பு எளிதில் விளங்கும். மதுரைச் சுங்குடிக்கு 2005ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. பருத்தித் துணியில் சிட்டிகை சிட்டிகையாகக் கிள்ளி எடுத்து, நூலால் இறுக்கி முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கி, காய்ந்தபின் முடிச்சுகளை அவிழ்த்தால், நூல் இறுக்கியிருந்த இடமெல்லாம் சாயம் ஏறாத புள்ளிகளாக நிற்கும். தலைமுறை தலைமுறையாக இந்த முடிச்சுகளைப் போட்டு வந்தவர்கள் பெரும்பாலும் சௌராஷ்டிரச் சமூகத்துப் பெண்கள். ஒரு கை போட்ட முடிச்சும் இன்னொரு கை போட்ட முடிச்சும் ஒன்றாக இருப்பதில்லை. ஒரே கை காலையில் போட்டதும் மாலையில் போட்டதும்கூட ஒன்றாக இருப்பதில்லை. ஒரு புள்ளி சற்றுப் பெரிதாக இருக்கும், ஒன்றின் ஓரம் பிசிறடிக்கும், ஒன்றுக்குள் சாயம் லேசாகக் கசிந்திருக்கும். இன்று சுங்குடி என்ற பெயரில் சந்தையில் குவிந்து கிடப்பவற்றில் பெரும்பகுதி அச்சில் போட்ட புள்ளிகள். அவை அளந்து வைத்தாற்போல ஒரே சீராக நிற்கும். முடிச்சுச் சேலைக்கும் அச்சுச் சேலைக்கும் விலையில் உள்ள வித்தியாசம் முழுவதும் அந்தச் சீரின்மையில்தான் இருக்கிறது. விவரம் தெரிந்து வாங்குகிறவர்கள் துணியைக் கண்ணருகே பிடித்துப் பார்ப்பது அதற்காகத்தான்.

அப்படிப்பட்ட ஒரு சேலையின் புகைப்படத்தை வீடியோ உருவாக்கும் கருவியிடம் கொடுத்தால் என்ன நடக்கிறது? முதல் விநாடியில் குறை சொல்ல ஒன்றுமிருக்காது, ஏனென்றால் அது நீங்கள் கொடுத்த படமேதான். துணி அசையத் தொடங்கியதும் புள்ளிகள் இடம் மாறத் தொடங்குகின்றன. மடிப்புக்குள் போன புள்ளி திரும்ப வெளியே வரும்போது அதே புள்ளியாக வருவதில்லை. இரண்டு புள்ளிகள் ஒன்றாகக் கலக்கின்றன. கொசுவத்தில் புள்ளிகளே இல்லாத பட்டை ஒன்று உருவாகிறது. விரல் அகலச் சரிகைக் கோடு உள்ளங்கை அகலப் பார்டராகிவிடுகிறது. பின்பக்கம் திரும்பினால் முந்தானை முழுக்க முழுக்கக் கருவியின் கற்பனை, ஏனெனில் முந்தானையை நாம் காட்டவே இல்லை. எல்லாவற்றையும்விட மோசமானது, புள்ளிகள் சீராகிவிடுவது. பிசிறுகள் மழுங்கி, எல்லாப் புள்ளிகளும் ஒரே வட்டமாகி, கைமுடிச்சுச் சேலை கண்ணெதிரே அச்சுச் சேலையாக மாறுகிறது. எந்த ஒன்றுக்காக வாடிக்கையாளர் கூடுதல் விலை கொடுக்கிறாரோ அதையே துடைத்துவிட்டு, மிச்சத்தைப் பளபளப்பாக்கித் தருகிற விளம்பரத்துக்குக் கடைக்காரர் ஏன் காசு கொடுக்க வேண்டும்?

இது கருவி இன்னும் வளராததால் வந்த குறை மட்டுமல்ல, அது வேலை செய்யும் விதத்திலேயே இருப்பது. ஒழுங்கே இல்லாத புள்ளிக் குழப்பத்திலிருந்து தொடங்கி, தான் பயின்ற கோடிக்கணக்கான காட்சிகளில் எது பெரும்பாலும் வருமோ அதை நோக்கிப் படிப்படியாகப் படத்தைத் தெளிவாக்கிக்கொண்டே போவதுதான் இந்தக் கருவிகளின் அடிப்படை. நாம் காட்டாத பகுதியை நிரப்ப வேண்டிய இடத்தில் அதற்குத் தெரிந்தது வழக்கமானது மட்டுமே. கிள்ளிய விரலின் அவசரமோ நிதானமோ அதற்குத் தெரிய வழியில்லை. படமே கொடுக்காமல் எழுத்தில் மட்டும் சுங்குடி என்று கேட்டுப் பாருங்கள்: பல நேரம் குஜராத்தின் முடிச்சுச் சாயத் துணியான பாந்தினியைக் கொடுத்து, கட்டியிருக்கும் பெண்ணுக்கு முந்தானையை வலது தோளின் முன்பக்கம் போட்டுவிடும். இணையத்தில் பாந்தினிப் படங்கள் ஏராளம், சுங்குடிப் படங்கள் சொற்பம். சௌராஷ்டிரர்களின் மூதாதையர் விட்டுவந்த குஜராத்துக்கே சேலையைத் திருப்பி அனுப்பிவைக்கிற அந்த விசுவாசத்தை ரசிக்கலாம், விளம்பரத்தில் போட முடியாது.

"பெரிய நிறுவனங்களே செய்கின்றனவே" என்று கேட்பவர்களும் உண்டு. உண்மைதான், ஆனால் எவை எதை விற்கின்றன என்று பார்க்க வேண்டும். 2025 ஜூனில் அமெரிக்காவில் என்பிஏ கூடைப்பந்து இறுதிப் போட்டிகளின்போது கல்ஷி என்ற நிறுவனத்தின் விளம்பரம் ஒன்று ஒளிபரப்பானது; வியோ 3 கொண்டு சுமார் 2,000 டாலர் செலவில் செய்ததாக அதை உருவாக்கியவர் சொன்னார். கல்ஷி விற்பது நிகழ்வுகளின் முடிவைக் கணித்துப் பணம் கட்டும் சேவை. கையில் எடுத்துக் காட்ட அதற்கு ஒரு பொருளே கிடையாது என்பதால், எவ்வளவு விசித்திரமான காட்சியை வைத்தாலும் அது பொய்யாவதில்லை. கோகோ கோலா 2024இல் தன் கிறிஸ்துமஸ் விளம்பரத்தை ஏஐயில் செய்தபோது உயிரில்லை என்று பலரும் திட்டினார்கள். இருந்தும் பாட்டிலுக்குள் இருக்கும் பானம் என்னவென்று எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும். துணி அப்படியல்ல. 2025 ஆகஸ்ட் மாத அமெரிக்க வோக் இதழில் கெஸ் ஆடை நிறுவனத்தின் விளம்பரத்தில் தோன்றிய பெண் ஏஐயால் உருவாக்கப்பட்டவர் என்று தெரிந்ததும் எழுந்த விவாதம் பெரும்பாலும் மாடல்களின் பிழைப்பையும் அழகின் அளவுகோலையும் சுற்றியே இருந்தது. துணிக்கடைக்காரனின் நண்பனாக எனக்குத் தோன்றிய கேள்வி வேறு: இல்லாத உடம்பின் மேல் ஓர் ஆடை எப்படி விழுகிறது என்று காட்டினால், அதைப் பார்த்து வாங்குகிறவர் எதை நம்பி வாங்குகிறார்?

ஆகவே நான் வைத்திருக்கும் விதி ஒன்றுதான். விற்கிற பொருள் சட்டகத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு நொடியும் கேமராவில் எடுத்ததாக இருக்க வேண்டும். அதைச் சுற்றியுள்ள வேலைகளுக்குக் கருவியை எவ்வளவு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம்.

கேமரா என்று நான் சொல்வது செல்போனைத்தான். கடைக்குள் எடுப்பதைவிட வாசலை ஒட்டி, காலை வெயில் நேரே விழாத இடத்தில் எடுப்பது நல்லது. உள்ளேதான் எடுக்க வேண்டுமென்றால் விளக்குகளின் துடிப்பைக் கவனிக்க வேண்டும்: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே மலிவான எல்இடி விளக்குகள் நொடிக்கு நூறு முறை மங்கி எழுகின்றன, போனில் வழக்கமாக இருக்கும் 30 பிரேம் அமைப்பில் அது துணியின் மேல் ஓடும் கோடுகளாகத் தெரியும். நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் வேகம் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு என்று மாற்றிவைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். வெள்ளைச் சமநிலையையும் வெளிச்ச அளவையும் பூட்டிவைக்காவிட்டால், அரக்குச் சேலைக்கு அடுத்து மஞ்சள் சேலையை விரித்தவுடன் போன் தானாக நிறத்தைத் திருத்த முனைந்து இரண்டையும் கெடுத்துவிடும். கூரியரில் போன சேலை திரும்பி வருவதற்கு நிறம்தான் முதல் காரணம் என்று எந்தக் கடைக்காரரைக் கேட்டாலும் சொல்வார். எடுத்தபின் "படத்தைத் தெளிவாக்கு" என்ற பொத்தானை அழுத்துவதும் எனக்குப் பிடிக்காது. அதுவும் புள்ளிகளின் ஓரத்தை மழிக்கிற நாவிதன்தான்.

கருவியின் உண்மையான உதவி பேச்சில் தொடங்குகிறது. சாட்ஜிபிடி, ஜெமினி போன்றவற்றிடம் "சுங்குடிச் சேலைக்கு முப்பது விநாடி வசனம் எழுது" என்று கேட்டால், பாரம்பரியமும் நவீனமும் சங்கமிக்கும் என்ற வகையில் எந்தப் பொருளுக்கும் பொருந்துகிற, அதனாலேயே எதற்கும் பொருந்தாத வாக்கியங்கள் வந்து விழும். அதே கருவியிடம் சேலையைப் பற்றிய அடிப்படைத் தகவல்களைக் கொடுத்து, இதை வாங்க நினைக்கும் ஒரு பெண் கடைக்காரரிடம் என்னென்ன கேட்பாள் என்று கேட்டால் உருப்படியான கேள்விகள் வருகின்றன. சாயம் போகுமா, முதல் துவையலில் உப்புப் போட வேண்டுமா, கஞ்சி போட்டே ஆக வேண்டுமா, அச்சிலிருந்து முடிச்சை எப்படிப் பிரித்தறிவது, ரவிக்கைத் துணி சேர்ந்து வருமா. அந்தக் கேள்விகளை எடுத்துக்கொண்டு போய்க் கடைக்காரரிடம் கேட்டு, அவர் பேசுவதை அப்படியே பதிவு செய்துகொள்கிறேன். அவர் பேச்சுக்கு நிகரான வசனத்தை எந்தக் கருவியும் இதுவரை எழுதவில்லை, நானும் எழுதியதில்லை.

பதிவான நீண்ட பேச்சை எழுத்தாக்குவதற்கு 2022இல் ஓப்பன்ஏஐ வெளியிட்ட விஸ்பரோ அதுபோன்ற வேறொன்றோ போதும். மதுரைப் பேச்சில் அது நிறையத் தடுமாறும், சில வாக்கியங்களைத் தானாகவே இட்டுக்கட்டவும் செய்யும். இருந்தாலும் எந்த நிமிடத்தில் என்ன பேசினார் என்று தேடிப் பிடிக்க அது தரும் நேரக்குறியே எனக்குப் பேருதவி. முடிச்சுப் போடும் பெண்கள் தங்களுக்குள் சௌராஷ்டிர மொழியில் பேசிக்கொள்ளும் பகுதி வந்தால் கருவி தனக்குத் தெரிந்த ஏதோ ஒரு மொழியாக நினைத்து எதையோ எழுதும். அந்தப் பகுதியை அவர்களிடமே கேட்டுக் கையால்தான் எழுத வேண்டும். அந்தச் சில விநாடிகளைத் தமிழ் எழுத்தோடு வைத்தால் வீடியோவுக்கு வருகிற களை தனி.

தெரு இரைச்சலை நீக்குவதில்தான் ஏஐ எனக்குக் கொடுத்த மிகப் பெரிய விடுதலை இருக்கிறது. மாசி வீதிகளில் ஆட்டோ ஹாரன் இல்லாத அரை நிமிடம் கிடைப்பது அரிது. அடோபியின் பாட்காஸ்ட் தளத்தில் பேச்சைத் தெளிவாக்கும் வசதி இருக்கிறது. இலவசமாகவே ஓரளவு பயன்படுத்தலாம். முழு அளவில் ஏற்றினால் மனிதர் கிணற்றிலிருந்து பேசுவது போலாகிவிடும் என்பதால், சுத்தம் செய்த ஒலியையும் அசல் ஒலியையும் கலந்து வைப்பேன். கடைத்தெருவின் சத்தம் கொஞ்சமாவது பின்னால் இருந்தால்தான் அது கடை.

கூச்சத்தால் பேச மறுக்கும் கடைக்காரர்களுக்குச் செயற்கைக் குரலைப் பயன்படுத்துகிறேன். இலெவன்லேப்ஸ் தமிழைத் தருகிறது. இந்திய நிறுவனமான சர்வம் ஏஐயும் தமிழ்க் குரல்களைத் தருகிறது. எழுத்துத் தமிழைக் கொடுத்தால் செய்தி வாசிப்பார்கள், பேச்சுத் தமிழைக் கொடுத்தால் சில சொற்களில் அழுத்தம் இடம் மாறிவிடும். ஆகவே இரண்டுக்கும் நடுவில், குறுகிய வாக்கியங்களாக எழுத வேண்டும். எண்களை இலக்கத்தில் விட்டால் ஆங்கிலத்தில் படித்துவிடக்கூடும். விலையை எழுத்தால் எழுதிக் கொடுப்பது பாதுகாப்பு. தமிழ் எழுத்தில் பகரம் ஒன்றே இரண்டு ஒலிக்கும் நிற்பதால் பார்டர், பார்சல் என்ற இரண்டு சொற்களையும் ஒரே மாதிரி தொடங்கிவிடும் குரல்களும் உண்டு. அப்போது "கரை" என்று மாற்றிவிட்டால் தொல்லை தீர்ந்தது. கடைக்காரரின் குரலையே நகலெடுத்துக் கொடுக்கச் சொல்லிச் சிலர் கேட்பார்கள். அவர் எழுத்தில் சம்மதம் கொடுத்து, ஒவ்வொரு வசனத்தையும் கேட்டு ஒப்புக்கொண்டால் ஒழிய அதை நான் தொடுவதில்லை.

திரையில் தோன்றும் தமிழ் எழுத்தைக் காட்சி உருவாக்கும் கருவியிடம் ஒருபோதும் ஒப்படைக்கக் கூடாது. ஆங்கிலப் பலகையை இப்போதெல்லாம் அது ஓரளவு சரியாக எழுதுகிறது. தமிழில் கொம்பும் காலும் எழுத்தின் இருபுறமும் நிற்கும் கொ, கோ போன்றவை சிதைந்து எழுத்தே அல்லாத ஒன்றாகின்றன. எடிட்டிங் செயலியிலும் சோதித்துப் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும். கேப்கட் இந்தியாவில் தடையில் இருப்பதால் இங்கே பலரும் விஎன், இன்ஷாட், 2025இல் இன்ஸ்டாகிராம் கொண்டுவந்த எடிட்ஸ் ஆகியவற்றில் வேலை செய்கிறார்கள். கணினியில் பிரீமியர் புரோ வைத்திருப்பவர்கள் எழுத்து அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வை மாற்றிவைக்காவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். முக்தா மலர், கேட்டமரான், நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகிய யூனிகோடு எழுத்துருக்கள் இலவசம், செல்போன் திரையில் தெளிவாகவும் தெரிகின்றன. விலையையும் தொடர்பு விவரத்தையும் திரையின் அடியில் வைக்காதீர்கள். ரீல்ஸில் அடிப்பகுதியைக் குறிப்புரையும் வலது ஓரத்தை விருப்பப் பொத்தான்களும் மறைத்துக்கொள்ளும்.

இசையைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. இன்ஸ்டாகிராம் வணிகக் கணக்குகளுக்குச் சினிமாப் பாட்டுகள் பெரும்பாலும் கிடைக்காது, கிடைக்கும் தனிக் கணக்கிலிருந்து போட்டு ஏமாற்றுவது உரிமையாளர் கண்ணில் படும்வரைதான் ஓடும். மெட்டா தரும் இலவச ஒலித் தொகுப்பே போதும். சூனோ போன்ற ஏஐ இசைக் கருவிகளின் இலவசத் திட்டத்தில் செய்த பாட்டை வணிகத்துக்குப் பயன்படுத்த அனுமதியில்லை என்பதைப் படிக்காமல் போடுகிறவர்கள் அதிகம்.

சட்டம் பற்றிக் கடைக்காரர்கள் கேட்பதில்லை, நான்தான் சொல்கிறேன். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தவறான எண்ணத்தை உண்டாக்கும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். செயற்கையாக உருவாக்கிய காட்சிகளுக்கு அடையாளம் இட வேண்டும் என்பதற்கான வரைவு விதியை மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2025 அக்டோபரில் வெளியிட்டது. திரைப்பரப்பில் பத்து விழுக்காடு இடத்தை அந்த அடையாளம் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று அப்போது சொன்னதைக் கைவிட்டு, 2026 பிப்ரவரியில் இறுதி விதிகள் நடைமுறைக்கு வந்தன. பெரிய தளங்கள் பதிவேற்றுகிறவரிடம் இது ஏஐ கொண்டு செய்ததா என்று கேட்டு, அதைச் சரிபார்த்து, அடையாளம் காட்ட வேண்டும். நிறத்தைச் சீராக்குவது, இரைச்சலை நீக்குவது, பேச்சை எழுத்தாக்குவது போன்ற வழக்கமான தொகுப்பு வேலைகள் உண்மையைத் திரிக்காதவரை இதில் சேராது என்று விதிகளே சொல்கின்றன. சட்டம் வருவதற்கு முன்பே நான் போட்டுவைத்த கோடும் ஏறத்தாழ அதே இடத்தில்தான் ஓடுகிறது என்பதில் எனக்கு ஒரு சின்னத் திருப்தி. செயற்கைக் குரல் மட்டும் கோட்டுக்கு அந்தப் பக்கம். அது இருக்கும் வீடியோவைப் பதிவேற்றும்போது அறிவிப்புப் பொத்தானை அழுத்திவிடுகிறேன். அதனால் பார்வை குறையும் என்று அஞ்சுகிற கடைக்காரரிடம், அந்தக் குரலை எடுத்துவிட்டு நீங்களே பேசிவிடுங்கள் அண்ணே என்பேன். சிலர் அதற்காகவே பேசத் துணிந்திருக்கிறார்கள்.

முழுக்க முழுக்க ஏஐயில் செய்து கொடுக்கும் வீடியோக்களும் என்னிடம் உண்டு. தீபாவளி வாழ்த்து, பொங்கல் வாழ்த்து, கடைக்கு ஆண்டுநிறைவு அறிவிப்பு: பொருள் எதுவும் காட்டாத இடங்களில் மத்தாப்பும் கரும்பும் கோலமும் கருவியின் விருப்பப்படி வரட்டும். அந்த வரிசையில் சித்திரைத் திருவிழாவுக்கும் ஒன்று வேண்டும் என்று ஆண்டுதோறும் கேட்கிறார்கள், அழகர் ஆற்றில் இறங்குகிற காட்சியாகவே வேண்டும் என்கிறார்கள். அதற்கு மட்டும் போனை எடுத்துக்கொண்டு விடியலுக்கு முன்பே வைகைக் கரைக்குப் போய்விடுவது என் வழக்கம். தங்கக் குதிரையில் வரும் அழகர் எந்த நிறப் பட்டு உடுத்தி வருகிறார் என்பதைப் பார்த்து அந்த ஆண்டின் விளைச்சலைக் கணிக்கிற ஊர் இது. பச்சைப் பட்டுக்காகக் காத்து நிற்கும் கூட்டத்திடம், கருவிக்குத் தோன்றிய நிறத்தை உடுத்திய அழகரை ஒரு துணிக்கடையின் பெயரில் காட்டுகிற துணிச்சல் எனக்கு இல்லை, கடைக்காரருக்கும் இருக்கக் கூடாது.